எழும்பி அணையும் சாண எரிவாயுத் தீ

வங்கியில் இருந்தப்போ சாண எரிவாயுக் கலனுக்கு எத்தனையோ பேருக்குக் கடன் கொடுத்திருக்கேன்; அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்ததில்லை. ஓய்வுபெற்று நம்ம தோட்டத்தில் கலன் போட்டதும் வீட்டம்மா கேட்டாங்க: "தீ ஏங்க பர்னரை விட்டு எழும்பி எழும்பி அணையுது?"

வாயு மேலே பாயும் வேகமும், அதை எதிர்த்துத் தீ கீழ்நோக்கிப் பரவும் வேகமும் சமமாகிற இடத்தில்தான் தீ நிற்கும். துளை விளிம்பை ஒட்டி வாயுவின் வேகம் குறைவு. தீ வேர்பிடிப்பது அங்கேதான். சாண வாயுவில் மீத்தேன் சுமார் 60 சதம்தான். மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. அதனால் தீ பரவும் வேகம் கம்மி, பாய்ச்சல் கூடினால் பிடிப்பு விட்டுப்போகும்.

வால்வைக் குறைத்தேன், காற்றுத் துளையைக் கொஞ்சம் மூடினேன். தீ இறங்கி உட்கார்ந்தது.

அணைந்தது தெரியாமல் விட்டால் அடுப்படியில் வாயு நிறையும்; அந்தப் பயத்தில் ஜன்னல் இப்பவும் திறந்தேதான் இருக்கு.