ஓசூரில் பப் திறக்க முதலில் லாட்ஜ் கட்ட வேண்டும்

பெங்களூரு இந்திராநகரில் 2010-ஆம் ஆண்டு சிபி வெங்கடராஜு, முகேஷ் தோலானி, அருண் ஜார்ஜ் என்ற மூன்று நண்பர்கள் ‘டாய்ட்’ என்ற பப்பைத் தொடங்கினார்கள். கடைக்குள்ளேயே பீர் காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் தொழில். கூட்டம் அள்ளியது, புனேவுக்கும் மும்பைக்கும் போனார்கள். அதே மூவர் 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓசூரில் இடம் பார்த்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள்.

வாடிக்கையாளருக்கு இங்கே பஞ்சமில்லை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த ஊர். முட்டுக்கட்டை போடுவது உரிமம்தான்.

தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். தனியார் பார் நடத்த முக்கியமாக இரண்டு வழிகள்: உறுப்பினர்களுக்கான கிளப் என்றால் எஃப்.எல்.2, தங்கும் அறைகளுள்ள ஓட்டல் என்றால் எஃப்.எல்.3. நல்ல சமையல்காரரும் நாலு மேசையும் மட்டும் வைத்திருப்பவருக்கு வழியில்லை. டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை டெண்டரில் எடுக்கலாமே என்றால், அவர் விற்கக்கூடியது சைடு டிஷ்ஷும் தண்ணீர் பாட்டிலும்தான். சரக்கு அரசுடையது, சுண்டல் அவருடையது.

இந்த மண்ணுக்கு மதுவோடு பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அதற்குள் இருந்தன. அவர் பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குப் பக்கத்து ஊர்.

மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் சட்டம் மாறிவிடும். கர்நாடகத்தில் சி.எல்.9 உரிமம் இருந்தால் அறை கட்டாமலே பார் கலந்த உணவகம் நடத்தலாம். ஆனால் அங்கும் கதவு அகலத் திறந்திருக்கவில்லை. புதிய சி.எல்.9 உரிமம் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படாததால், பழைய உரிமத்தைக் கைமாற்றி வாங்கப் பெரும் தொகை வேண்டியிருந்தது.

தமிழ் ஓட்டல் முதலாளிகளில் பெரிதாக வளர்ந்த பலர் மதுவைத் தொடாதவர்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். மளிகைக்கடை வைத்திருந்த பி. ராஜகோபால் 1981-இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன், இட்லி சாம்பாரிலேயே கடல் கடந்தது. சென்னைச் சாலையும் சேலம் சாலையும் பிரியும் கிருஷ்ணகிரியிலும் நெடுஞ்சாலைக் காசு டிபனில்தான். சாலையோரம் பார் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கத் தடை விதித்தது. நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்ற விளக்கம் 2017-இல்தான் வந்தது.

ஆக, ஓசூரில் பப் கனவு காண்பவர் நிலம் வாங்கி, அறைகள் கட்டி, லிஃப்ட் போட்டு, அதற்கான வங்கி வட்டியையும் சுமந்த பிறகே முதல் கிளாஸை நிரப்ப முடியும்.