போல்டு இட்டாலிக்: பட்டறை போர்டில் சறுக்கிய புள்ளி

இன்னைக்கு டாபிக், ஃபான்ட். அதுலயும் போல்டு, இட்டாலிக், சான்ஸ் செரிஃப் மூணும் ஒண்ணா சேர்ந்த டிஸ்பிளே ஃபான்ட்.

அம்பத்தூர்ல பஸ் ஏறி சி.டி.எச். ரோட்டுல ஆவடி வரைக்கும் ஜன்னலோரமா உட்கார்ந்து போங்க. டயர் கடை, டிரைவிங் ஸ்கூல், பார்சல் சர்வீஸ், ஜிம்னு வரிசையா இந்த ஸ்டைல் கண்ணுல படும். எழுத்து தடியா இருக்கும், ஓரத்துல குஞ்சம் எதுவும் இருக்காது, வலது பக்கம் சாய்ஞ்சு ஓடுற மாதிரி நிக்கும். தடிமன் "என்னைப் பாரு"ன்னு சொல்லுது. சாய்வு "வேகம்"னு சொல்லுது. டிஸ்பிளே ஃபான்ட்டோட வேலையே அதுதான். பத்தி பத்தியா படிக்க இல்ல, ரெண்டு மூணு வார்த்தையைப் பெருசா காட்ட.

இதைப் பத்திப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கு. அம்பத்தூர் எஸ்டேட்ல மாமா சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். புது போர்டு வேணும்னார். "நான் டிசைன் பண்றேன் மாமா"ன்னு கெத்தா சொன்னேன். ஒரு தமிழ் ஃபான்ட்டை எடுத்து B பட்டன், I பட்டன் ரெண்டையும் தட்டி, போர்டுல அடங்கணும்னு எழுத்துகளை நெருக்கி வெச்சு, ஃபைலை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிட்டேன்.

போர்டு மாட்டின அன்னைக்கு மாமா எதிர்ப்பக்கம் நின்னு பார்த்துட்டுக் கேட்டார்: "ஏன்டா, எழுத்தெல்லாம் கீழ விழுற மாதிரி இருக்கே? பட்டறையா, படட்றையா?"

தப்பு எங்க நடந்துச்சு? அதைப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் வரலாறு தேவை.

இட்டாலிக்ங்கறது வெறும் சாய்வு இல்ல. 1501-ல வெனிஸ் நகரத்துல ஆல்டஸ் மனூஷியஸ்ங்கற பதிப்பாளர், கையெழுத்து மாதிரியே வெட்டின அச்சுகளை வெச்சு ஒரு புத்தகம் போட்டார். வெட்டிக் கொடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அதாவது, அது தனியா வரைஞ்ச எழுத்து. சும்மா சாய்ச்சா அதுக்குப் பேர் ஒப்லீக். சான்ஸ் செரிஃப் அச்சு வந்தது ரொம்பப் பின்னாடி, 1816-ல, இங்கிலாந்துல.

தமிழ் அச்சுக்கும் வயசு குறைச்சல் இல்ல. 1578-லயே கொல்லத்துல தமிழ்ப் புத்தகம் அச்சாயிடுச்சு. ஆனா இங்க இட்டாலிக்னு ஒரு ஜோடி எழுத்து வளரல. தேவையும் பெருசா இல்ல. அழுத்திச் சொல்லணும்னா நம்மகிட்ட "தான்" இருக்கு, "ஏ" இருக்கு. புத்தகப் பேருக்கு மேற்கோள்குறி போதும்.

அதனால பெரும்பாலான தமிழ் ஃபான்ட்கள்ல இட்டாலிக் கிடையாது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைச்ச கேட்டமரான்ல ஒன்பது தடிமன் இருக்கு, இட்டாலிக் இல்ல. அப்போ I பட்டனைத் தட்டினா சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? இருக்கிற எழுத்தைக் கணக்கு போட்டுச் சாய்க்கும்.

சிஎஸ்எஸ்ல ஒப்லீக்கோட டிஃபால்ட் கோணம் 14 டிகிரி. அடிக்கோட்டுல இருந்து ஒரு புள்ளி எவ்வளவு உயரத்துல இருக்கோ, அதுல கால் பங்கு வலது பக்கம் நகரும். 60 செ.மீ. எழுத்துன்னா அதோட தலை 15 செ.மீ. நகரும். மெய்யெழுத்துப் புள்ளி இன்னும் மேல, 75 செ.மீ. உயரத்துல இருந்தா, கிட்டத்தட்ட 19 செ.மீ. போயிடும். ஆனா "ட"வோட அடிக்கோடு அசையாது. அந்தக் கோட்டுக்கு நடுவுல மேல நின்ன புள்ளி, பக்கத்து எழுத்தை நோக்கிப் போயிடும். "ட்ட"ல ரெண்டும் ஒரே உருவம். நான் நெருக்கி வேற வெச்சிருந்தேன். லாரியில போறவருக்குப் புள்ளி யாரோடதுன்னு எப்படித் தெரியும்?

போலி போல்டும் இதே கதைதான். கோட்டைச் சுத்தி மை ஏத்தி ஊத வைக்கும். "றை"க்கு முன்னாடி வர்ற சுழியெல்லாம் அடைஞ்சு கறுப்பாயிடும். நிஜமான போல்டுல வடிவமைப்பாளர் உள்வெளியைப் பார்த்துத் திறந்து விட்டிருப்பார்.

சரி, என்ன பண்ணலாம்?

ஒண்ணு, B பட்டனை விட்டுட்டு, ஃபான்ட்லயே போல்டு, எக்ஸ்ட்ரா போல்டு இருக்கான்னு பாருங்க. கேட்டமரான், முக்த மலர், பலூ தம்பி 2 மூணுலயும் இருக்கு, இலவசமாவே கிடைக்கும்.

ரெண்டு, சாய்வு வேணும்னா சாய்வாவே வரைஞ்சதைத் தேடுங்க. தாரிக் அஸீஸோட கவிவனார் அப்படி ஒண்ணு. ஆனா அது கையெழுத்துச் சாயல், டயர் கடைக்கு ஒட்டாது. தடியாவும் சாய்வாவும் வேணும்னா வெக்டரா மாத்தி, கோணத்தைக் குறைச்சு, புள்ளியை ஒவ்வொண்ணா கையால நகர்த்தணும்.

மூணு, வெப்சைட் பண்றவங்க தமிழ்ப் பகுதிக்கு ஃபான்ட் சிந்தஸிஸ் நன்னு ஒரு வரி போட்டுடுங்க. பிரவுசர் போலியா எதுவும் செய்யாது.

நாலு, இடம் பாருங்க. கூரியர், பந்தயம், ஆஃபர், சினிமா டைட்டிலுக்குச் சாய்வு பொருந்தும். ஆஸ்பத்திரி வழிகாட்டி, எச்சரிக்கை போர்டு, மருந்துச் சீட்டுக்கு வேண்டாம். அங்க ஒரு புள்ளி மாறினாலும் வம்பு.

மாமா போர்டை என் கைக்காசுல மாத்தினேன். இப்போ நேரா நிக்கிற எக்ஸ்ட்ரா போல்டு, எழுத்துக்கு நடுவுல தாராளமா இடம். மாமா மறுபடியும் எதிர்ப்பக்கம் போய் நின்னு பார்த்தார். "இப்பதான்டா பட்டறை"ன்னார்.

நாளைக்கு பூந்தமல்லி பக்கம் போனா போர்டுகள்ல புள்ளி எங்க நிக்குதுன்னு கவனிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!