விடுமுறையும் நீச்சற் பயிற்சியும்



நம் நீச்சல் அணி நண்பர் சிலர், பயிற்சி குன்றிவிடுமென்று அஞ்சி விடுமுறையிலும் விடுதியை விட்டு அசைவதில்லை. வேறு சிலரோ, ஊருக்குப் போனால் கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை நீச்சலை அறவே மறந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டா என்பதே என் கருத்து. விஞ்ஞானம் பயில்பவன், நீந்துபவன் என்னும் இரு முறையிலும் காரணம் கூறுகிறேன்.

ஓய்வு என்பது சோம்பல் அன்று. கடும் பயிற்சியில், தசைகளிலே சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் செலவாகிறது. அது மீண்டும் நிரம்பச் சோறும், உறக்கமும், ஏறத்தாழ ஒரு நாள் அவகாசமும் தேவை. பயிற்சியில் களைத்த தசை வலுப்பெறுவது ஓய்விலேதான்.

ஆயினும் ஓய்வுக்கும் எல்லை உண்டு. பயிற்சியை அடியோடு நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் செலுத்தும் இரத்தமும் குறைகிறது. அமெரிக்கக் கல்லூரி நீச்சல் வீரர் 24 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 1987-இல் வெளிவந்தது. ஐந்து மாதப் பயிற்சிக்குப் பின் நான்கு வாரங்கள், ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறையும், மற்றொரு பிரிவினர் ஒரே முறையும் நீந்தினர். மூன்றாம் பிரிவினர் நீந்தவேயில்லை. தரையில் அளந்த தசைவலிமை எவருக்கும் குறையவில்லை. ஆனால் நீரில் நீந்தும் ஆற்றல் மூன்று பிரிவினருக்குமே சராசரியாக 13 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. ஆயினும் மும்முறை நீந்தியவர்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனை இழக்கவில்லை.

ஆகவே வாரத்தில் மூன்று காலை போதும். தூரத்தைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கலாகாது. விருந்துக்கு முன்பே, விடியலில் நீந்திவிடுங்கள். நள்ளிரவு ஆராதனைக்குச் சென்றவர் மறுநாள் நன்றாக உறங்கட்டும். பொங்கலன்று நீச்சற்குளத்தை மறப்பதில் தீங்கில்லை.

நான் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவன். வடஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தமிழரின் வழிவந்தவன். நான் பிறப்பதற்கு முன்பே, 2001 பிப்ரவரி 28-இல், சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புத் தேடிப் பலர் ஊரைவிட்டுப் போயினர். இன்னும் பலர் மாரிக்குப்பத்தில் ரயிலேறி நாள்தோறும் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். எங்கள் லயன் வீடுகளில் உற்றார் அனைவரும் ஒன்றுகூடுவது கிறிஸ்துமஸிலும் பொங்கலிலுந்தான். அந்த நாட்களை விடுதியிலே கழித்துவிட்டால் மீண்டும் பெற முடியுமா? குறைந்த பயிற்சியை இரண்டொரு வாரத்தில் ஈடுசெய்யலாமே!

ஊரில் நீச்சற்குளம் இல்லாதவர் ஓடலாம், கயிறு தாண்டலாம். இதயத்திற்கு அது நன்று. ஆனால் பழைய சுரங்கக் குழிகளிலோ, சயனைடு மண்மேட்டருகே தேங்கிய நீரிலோ ஒருபோதும் இறங்காதீர்கள். ஏரியிலும் தனியே நீந்த வேண்டா. திரும்பி வந்த முதல் வாரம் நிதானமாகத் தொடங்குங்கள்.

தோழர்களே, பயணச்சீட்டை இப்போதே வாங்குங்கள். நீச்சலுடையையும் பெட்டியில் எடுத்து வையுங்கள்!