வைகறையில் எடுக்கும் முடிவு

வாள்வீரன் தன் வாளைக் காலையில் ஒருமுறை தீட்டிவிட்டால் நாள் முழுவதும் அது அவனுக்கு உதவும். மந்திரவாதியின் நிலையோ வேறு. அவன் கையில் இருப்பது ஒருமுறை எய்தால் தீர்ந்துபோகும் அம்பு.

1974 ஆம் ஆண்டில் அமெரிக்கரான கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில் வரும் மந்திரவாதியையே இங்கு குறிப்பிடுகின்றோம். நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவராயிருந்து பாழ்நிலவறையையும் அதிலுறையும் பகைவரையும் வருணிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேச்சினாலும் பகடையினாலும் கதையை நடத்திச் செல்வர்.

ஜக் வான்ஸ் என்னும் எழுத்தாளர் 1950 இல் வெளியிட்ட கதைகளிலிருந்து ஒரு விசித்திர நியதி இவ்விளையாட்டிற் புகுந்தது. மந்திரவாதி ஏட்டைப் படித்து மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்; உச்சரித்த கணமே அது அவன் மனத்தைவிட்டு அகன்றுவிடும்.

1978 இல் வெளிவந்த விதிநூலின்படி, வாள்வீரனின் உயிர்வலுவைப் பத்துமுகப் பகடை தீர்மானிக்கும். மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடையே. கவசம் அணிய அவனுக்கு உரிமையில்லை. தொடக்கநிலையில் நாளொன்றுக்கு ஒரே மந்திரம். துயில் மந்திரத்தை அவன் தெரிந்தெடுத்தான் என்று கொள்வோம். எளிய பகைவர் பலர் ஒருங்கே சாய்வர். ஆனால் எதிரே வருபவை எலும்புக்கூடுகளாயின்? உயிரற்றவற்றுக்கு உறக்கம் ஏது? அவனை நம்பி வந்த தோழர்கள் அவன் கண்முன்னே மாள்வர்.

அனுபவம் முதிர முதிரப் பூட்டுத் திறத்தல், உருமறைதல், பறத்தல், நெருப்புக்கோளம் வீசுதல் எனப் பல மந்திரங்கள் ஏட்டிற் சேரும். புதியவர்கள் பெரும்பாலும் நெருப்பையே நாடுவர். தேர்ந்த ஆட்டக்காரரோ தோழர்களைப் பார்த்து, "உங்களால் ஆகாதது எது?" என்று முதலிற் கேட்பார். அடிப்பதற்கு வாளுண்டு, ஆழ்கிடங்கைக் கடப்பதற்கு மந்திரவாதியன்றி யார் உளர்?

2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்நியதியைச் சற்றுத் தளர்த்தியது. ஏற்றிய மந்திரம் உச்சரித்தபின்னும் மனத்தில் நிலைக்கும். பிரயோகிக்கும் தடவைகளுக்கு மட்டும் வரம்புண்டு. எனினும் ஏட்டிலுள்ள அனைத்தையும் ஒரே நாளில் ஏந்திச் செல்ல இன்றும் இயலாது. எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் தேர்வு வைகறையில் அவனுக்காகக் காத்திருக்கின்றது. மாலையில் தோழர்கள் அனைவரும் உயிரோடு மீள்வது பெரும்பாலும் அந்தத் தேர்விலேயே தங்கியுள்ளது.