மிருகக்காட்சிசாலைக்கு அங்கீகாரம் கிடைப்பது எப்படி?

கூண்டில் அடைபட்ட பிராணி தன் ஆகாரத்தைத் தானே தேடிக்கொள்ள இயலாது; வெயில் மிகுந்தால் வேறு நிழலை நாடிச் செல்லவும் இயலாது. அதன் வாழ்வும் சாவும் மனிதன் கையில் உள்ளன. ஆகவே, விலங்குகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் ஒரு ஸ்தாபனம் அப்பொறுப்புக்குத் தகுதி உடையதா என்பதைப் பாரபட்சமின்றி ஆராய்ந்து முடிவு கூற ஓர் ஏற்பாடு அவசியமாகிறது. அவ்வேற்பாடே அங்கீகாரம் எனப்படுவது.

சட்டத்தின் அடிப்படை

மைசூர் மிருகக்காட்சிசாலை 1892ஆம் ஆண்டிலும், டில்லியில் உள்ளது 1959ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. ஆயினும், நாட்டிலுள்ள காட்சிசாலைகள் அனைத்துக்கும் பொதுவான தர அளவு நெடுங்காலம் இருக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ஆம் ஆண்டு ஒரு புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன்படி 1992இல் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் அமைக்கப்பெற்றது. அங்கீகார விதிகள் அவ்வாண்டிலேயே வெளியிடப்பட்டு, 2009இல் திருத்தி அமைக்கப்பட்டன.

அமெரிக்காவில் 1974 முதல் இத்தகைய அங்கீகாரத்தைத் தொழில்துறைச் சங்கமே வழங்கி வருகிறது. அதை நாடுவதும் நாடாதிருப்பதும் காட்சிசாலையின் விருப்பத்தைப் பொறுத்தது. நமது நாட்டிலோ அங்கீகாரமின்றி எந்தக் காட்சிசாலையும் இயங்கலாகாது என்பது சட்டம். சர்க்கஸ், மீட்புப் பிராணிகளின் காப்பகம், இனப்பெருக்க நிலையம் ஆகியவையும் இதில் அடங்கும். புதிதாக ஒன்றை நிறுவுவதற்கும் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும்.

ஆய்வாளர் காண்பவை

விண்ணப்பம் வந்தபின் ஆணையத்தின் சார்பில் நிபுணர்கள் நேரில் சென்று பார்வையிடுகின்றனர். விலங்குகளின் எண்ணிக்கை மிகுந்திருப்பதை அவர்கள் பெருமையாகக் கொள்வதில்லை. ஒவ்வொரு விலங்கின் இயல்புக்கும் ஏற்ற இடப்பரப்பும், நிழலும், மறைந்திருக்க வசதியும் உள்ளனவா? குடிநீர் சுத்தமானதா? கால்நடை வைத்தியரும், சிகிச்சைக் கூடமும், புதிதாக வரும் பிராணியைத் தனித்து வைக்கும் இடமும் உண்டா? துணையின்றி நெடுநாள் வாடும் விலங்கு ஏதேனும் உளதா? இத்தகைய வினாக்களே அவர்களுக்கு முக்கியம். வாரத்தில் ஒரு நாளேனும் பார்வையாளரை அனுமதியாது விடுமுறை விடவேண்டும் என்பதும் விதி.

குறை காணப்பட்டால் அதனை நிவர்த்தி செய்யுமாறு நிபந்தனை விதிக்கப்படும். நிபந்தனையை மீறினால் அங்கீகாரத்தை நிறுத்தி வைக்கவோ ரத்துச் செய்யவோ ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன்னர் காட்சிசாலையின் விளக்கத்தைக் கேட்டறிதல் வேண்டும். முடிவை எதிர்த்து மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். எனினும், கதவை மூடிவிடுவதால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. கூண்டிலே பிறந்து வளர்ந்த புலியைக் காட்டில் விட இயலாது. அதற்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கும். எனவே, தண்டிப்பதைவிடத் தரத்தை உயர்த்துவதே விலங்குகளுக்கு நன்மை பயப்பதாகும்.

தரம் என்பது வெறும் காகித விவகாரமன்று. 2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் புவனேசுவரம் அருகிலுள்ள நந்தன்கானனில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் அடுத்தடுத்து மாண்டன. இரத்தத்தில் வாழும் டிரிபனசோமா என்னும் நுண்ணுயிரால் விளைந்த நோயே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இரத்தம் உறிஞ்சும் ஈக்கள் இந்நோயைப் பரப்ப வல்லவை. ஈக்களை ஒழித்தல், சுகாதாரம் பேணுதல், சோர்வுற்ற விலங்கை அன்றே வைத்தியருக்குத் தெரிவித்தல் ஆகியவற்றை விதிகள் வற்புறுத்துவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

நல்ல பராமரிப்பின் பயனுக்கு டார்ஜிலிங் ஓர் எடுத்துக்காட்டு. 1958இல் நிறுவப்பட்ட அம்மலைநகரத்துக் காட்சிசாலையில் சிவப்புப் பாண்டா என்னும் அரிய விலங்கு திட்டமிட்டு இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. எந்தக் குட்டி எந்தத் தாய் தந்தைக்குப் பிறந்தது என்பதைக் காட்டும் வம்சாவளிப் பதிவேடு இதற்கு ஆதாரம். அஃதின்றேல் நெருங்கிய உறவுள்ளவை இணைந்து சந்ததி நலிவுறும். அங்குப் பிறந்த இரு பெண் பாண்டாக்கள் 2003இல் சிங்காலிலா தேசியப் பூங்காவின் காட்டில் விடப்பட்டன.

ஊழியரும் ஆசிரியரும்

ஆய்வாளர் சில நாட்களே தங்குவார். விலங்குகளோடு ஆண்டு முழுவதும் இருப்பவர் காவல் ஊழியரே. ‘இன்று பாதி இறைச்சியை உண்ணாமல் விட்டது’ என்று அவர் எழுதும் ஒரு வரி, ஓர் உயிரைக் காப்பாற்றக் கூடும். பிறப்பு, இறப்பு, நோய், பிரேத பரிசோதனை முதலியவற்றை அன்றன்றே பதிவு செய்துவரும் காட்சிசாலை ஆய்வாளரின் வருகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆய்வுக்கு முந்திய வாரத்தில் பூசும் சுண்ணாம்பு, விடுபட்ட குறிப்புகளை ஈடு செய்யாது.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. விலங்குகளைச் சீண்டுதல், காயப்படுத்துதல், அவற்றுக்குத் தின்பண்டம் எறிதல், கூச்சலிட்டுக் கலவரப்படுத்துதல் ஆகியவை சட்டப்படி குற்றம் என்பதைப் புறப்படுமுன்னரே வகுப்பில் விளக்குதல் நலம். பின்னர், கூண்டின் முன் நின்று, இவ்விலங்குக்கு நிழல் உள்ளதா, நீர் உள்ளதா, ஒதுங்க இடம் உள்ளதா என்று மாணவரையே பார்த்துச் சொல்லச் செய்யலாம். ஆய்வாளர் கேட்கும் வினாக்களும் இவையே. இவற்றைக் கேட்கப் பழகிய மக்கள் உள்ள நாட்டில் காட்சிசாலைகளின் தரம் தாழ்வது அரிது.