அனர்த்தத் தணிப்பும் சமூகப் பயிற்சியும்: புத்தளம் கரையோரக் கண்டல்கள்

மாணவர்களே, அனர்த்தங்களின் நீண்டகாலப் பாதிப்பைக் குறைக்கும் வழியொன்றைக் கேட்டால் பெரும்பாலானோர் “கரையோரத்தில் மரம் நடுதல்” என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். விடை பிழையல்ல. ஆயினும் “விளக்குக” என்று கேட்கப்பட்டால் இந்த ஒரு வரி போதாது.

முதலில் இரு சொற்களைப் பிரித்தறிந்து கொள்ளுங்கள். எச்சரிக்கை கிடைத்ததும் எங்கே, எப்படி வெளியேறுவது எனப் பழகியிருப்பது முன்னாயத்தம். அது உயிரைக் காக்கும். ஆனால் திரும்பி வரும்போது கிணற்றில் உவர்நீரும், அரிக்கப்பட்ட கரையும், மீன்வளம் குன்றிய களப்பும் இருந்தால் அந்தக் குடும்பத்தின் அனர்த்தம் இன்னும் முடியவில்லை. இப்பாதிப்பை முன்கூட்டியே குறைப்பது தணித்தல். கண்டல் காடு இதற்குரியது. அதன் வேர்கள் அலையின் வேகத்தைக் குறைக்கும், சேற்றைப் பிடித்து வைக்கும், மீன், இறால் குஞ்சுகளுக்குப் புகலிடமாகும்.

புத்தளம் மாவட்டத்தில் 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. பின்னர் வெண்புள்ளி நோய் பரவியதால் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. குளங்கள் வெறுமையாகக் கிடந்தன. மரங்கள் திரும்பி வரவில்லை.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாடெங்கும் கண்டல் நடும் முயற்சிகள் பெருகின. அவற்றின் பலன் என்ன? இலங்கை, பெல்ஜிய ஆய்வாளர்கள் 10 மாவட்டங்களில் 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். நடப்பட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை. வெற்றி பெற்றது 200 முதல் 220 ஹெக்டேயர் வரை மட்டுமே. 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. முதல் இரண்டும் எமது மாவட்டத்தில் உள்ளவை. இத்தரவை நினைவில் வைத்திருங்கள்.

ஏனைய இடங்களில் ஏன் பட்டுப்போயின? இலங்கையில் வற்றுப்பெருக்கு வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே நிலம் சிறிதளவு தாழ்ந்திருந்தாலும் கன்று எந்நேரமும் நீரில் மூழ்கிக் கிடக்கும்; சிறிதளவு உயர்ந்திருந்தாலும் வரட்சியில் காய்ந்துவிடும். ரைசோபோரா இனத்தின் நீண்ட நாற்று மரத்திலேயே முளைத்துத் தொங்குவதால் சேகரிப்பது இலகு. அதனால் பொருந்துமா என்று பாராமல் அதையே எங்கும் நட்டனர். நட்டபின் மாடு மேய்ந்தது, பாசி மூடியது, பூச்சி அரித்தது. கவனிக்க ஆளில்லை. (நடுகை நாளில் படம் எடுத்தவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.) நட்டபின் பராமரித்த இடங்களில் பிழைப்பு வீதம் கூடியிருந்ததாக அதே ஆய்வு காட்டுகிறது.

பயிற்சியின் தேவை இங்கேதான் வருகிறது. எந்த இடத்துக்கு எந்த இனம், நீர் எதுவரை ஏறும், எங்கே இயற்கையாகவே கன்று முளைக்கும் என்பவற்றை அறிந்து, நாள்தோறும் அவ்வழியே போய்வரும் மக்களே நல்ல காவலர். சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச நிறுவனம், சீகொலொஜி என்ற அமெரிக்க அமைப்புடன் 2015இல் தொடங்கிய திட்டம் இதற்குச் சிறந்த உதாரணம். களப்போரப் பெண்கள் 15,000 பேருக்குக் கண்டல் பாதுகாப்பிலும் சுயதொழிலிலும் பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது அதன் இலக்கு. கண்டலைக் காப்பதே கடனுக்கான நிபந்தனை. சிறுகடன் ஏன்? விறகுக்கும் வருமானத்துக்கும் மரத்தையே நம்பியிருப்பவரிடம் “வெட்டாதே” என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. 2016இல் பம்பலவில் கண்டல் அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. பாடசாலை மாணவர்களும் அங்கே கற்கலாம்.

2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை உலகின் முன்மாதிரி மீட்டெடுப்புத் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஆயினும் கண்டல் எல்லா அனர்த்தத்துக்கும் மருந்தல்ல. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியுடன் வந்ததைப் போன்ற ஆற்று வெள்ளத்தைக் கரையோரக் காடு தடுக்காது. விடையில் இவ்வரையறையையும் குறிப்பிடுங்கள்.

பயிற்சி வினா: களப்போரக் கிராமம் ஒன்றில் நட்ட கண்டல் கன்றுகள் ஓராண்டுக்குள் அழிந்துவிட்டன. இதற்கான காரணங்கள் இரண்டைத் தந்து, மீண்டும் நடுவதற்கு முன் அக்கிராம மக்களுக்கு எவ்வகைப் பயிற்சி அளிப்பீர் என விளக்குக.