துதிக்கையை இழந்த எழுத்துக்கள்!

பள்ளிபாளையம் என்று எழுதிப் பாருங்கள். நடுவே ஒரு 'ளை' வருகிறதல்லவா? 1978-க்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் அதை எழுதிய விதமே வேறு. முன்னால் தனியாக இணைக்கொம்பு போட மாட்டார்கள். எழுத்தோடு ஒட்டி, யானைத் துதிக்கை போல ஒரு வளைவு மேலே எழும்பி நிற்கும். ஊரின் பெயரிலேயே ஒரு யானை இருந்தது என்று சொல்லலாம்!

ணை, னை, லை, ளை ஆகிய நான்கும் இப்படித் துதிக்கை தூக்கி நின்றவை. ணா, றா, னா ஆகிய மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது. எழுத்தின் வாலே சுழித்துக்கொண்டு காலாகிவிடும். இம்மூன்றின் ஒகர, ஓகார எழுத்துக்களையும் சேர்த்தால் மொத்தம் 13.

அக்கரையில் பிறந்த யோசனை

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. இந்த 13 எழுத்துக்களுக்கும் விடை கொடுக்கும் வேலையைத் தொடங்கியவர் அந்த ஊர்க்காரரான பெரியார் ஈ. வெ. ரா.தான். 1935-ஆம் ஆண்டிலேயே தம் 'குடி அரசு' பத்திரிகையில் புது வடிவங்களைப் புகுத்திவிட்டார். அச்சுக்கோப்பவரின் கஷ்டம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு விசித்திர எழுத்துக்கும் தனி ஈய அச்சு, தனி அறை வேண்டும். ஒரே கொம்பை எல்லா எழுத்துக்கும் முன்னால் வைத்தால் அச்சும் மிச்சம், படிக்கிற குழந்தைக்கும் பாரம் குறைவு என்பது அவர் வாதம்.

ஆனால் பாடப் புத்தகங்கள் அசையவில்லை. 1973-இல் பெரியார் மறைந்தார். அவருடைய நூற்றாண்டையொட்டி, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்தது. 'ஐ', 'ஔ' இரண்டையும் நீக்கலாம் என்ற அவர் யோசனையை மட்டும் அரசு ஏற்கவில்லை.

பத்திரம் மாறவில்லையே!

அரசாணை பாடப் புத்தகத்தை மாற்றிற்று. பெட்டியிலுள்ள கிரயப் பத்திரத்தை மாற்ற முடியுமா? பழைய பத்திரங்களில் சக்குபந்தி சொல்லும்போது, 'இன்னார் காட்டுக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு' என்று பெயர் பெயராக வரும். அண்ணாமலை என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ணா'வும் உண்டு, 'லை'யும் உண்டு. பேரன் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன எழுத்து?" என்று கேட்பான். பாட்டனோ கண்ணாடி கூடப் போடாமல் படித்துவிடுவார்! நிலத்தின் எல்லையே அந்தப் பெயரில் இருக்கும்போது, இது வெறும் வேடிக்கை அல்ல.

கோயில் சுவரில் 'உபயம்' என்று வெட்டிய கல்லிலும் 'பிள்ளை' துதிக்கையோடுதான் இருக்கிறார். வங்கியில் ஐம்பது வருஷமாகப் போட்டுவரும் கையெழுத்தை எந்தக் கிழவராவது அரசாணைக்காக மாற்றுவாரா?

இங்கிலீஷிலும் இதே கதை

வெள்ளைக்காரர் எழுத்துக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு. ஸ்காட்லாந்தில் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது. அச்சகத்தில் அதற்கு அச்சு இல்லை. உருவம் கிட்டத்தட்ட ஒத்திருந்த 'இசட்'டைப் போட்டு ஒப்பேற்றினார்கள். எழுத்து செத்தது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சிஸின் குடும்பப் பெயர் அப்படி வந்ததுதான். ஸ்காட்லாந்தில் அதை 'மிங்கிஸ்' என்பார்கள். அதனால் அவருக்கு 'மிங்' என்றே பட்டப்பெயர்!

தமிழுக்கும் இது முதல் மாற்றம் அல்ல. ஓலையில் 'எ', 'ஏ' இரண்டுக்கும் உருவம் ஒன்றே. குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமே என்று பலர் வைக்காமலே விட்டார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்துக் குறிலா நெடிலா என்று ஊகிக்க வேண்டும். நெடிலுக்கு வேறு வடிவம் தந்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747).

இன்று கம்ப்யூட்டரில் துதிக்கை எழுத்துக்கென்று தனி எண் கிடையாது. பழைய புத்தகத்தைத் தட்டச்சு செய்து ஏற்றினால் 'ளை' தானாகவே புது வேஷம் போட்டுக்கொள்ளும். பழைய உருவம் வேண்டுமென்றால் அதற்கென்று செய்த எழுத்துருவைத் தேடிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.